உறங்குபவரைப் பார்ப்பது: கணக்கா, காவலா?

1

எட்டு மணி நேர இரவு. படுக்கைக்கு நேர் மேலே ஒரு கேமரா. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாகவே திறந்து மூடுகிறது. விடியும்போது கையில் 32 படங்கள். அவற்றை வரிசையாகக் கட்டம் கட்டமாக ஒட்டி வைத்தால் முழு இரவையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். முதல் கட்டத்தில் மல்லாந்து கிடக்கிறவர் நாலாவதில் ஒருக்களித்திருப்பார். ஏழாவதில் போர்வை காலடியில் கிடக்கும். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒரே படத்தின் நகல்கள் போலிருக்கும். பதினொன்றில் ஆள் குப்புறக் கிடப்பார். நடுவில் என்ன நடந்தது? படத்தில் இல்லை. அவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

தியோடர் ஸ்பாக்னா என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1975இல் தொடங்கி இந்தக் காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். தனி ஆட்கள், தம்பதிகள், குழந்தைகள் என்று பலருடைய இரவுகளைக் கட்டங்களாக்கினார். இவற்றை அவர் உறக்க உருவப்படங்கள் என்றே அழைத்தார். 1989இல் இறந்துபோனார். படங்கள் 2013இல்தான் 'ஸ்லீப்' என்ற தலைப்பில் ஒரு முழுப் புத்தகமாக வந்தன.

உருவப்படம் என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருவப்படம் என்றால் படமாகிறவர் கேமரா முன்னால் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும். முகத்தைச் சரிசெய்கிறோம், தோளை நிமிர்த்துகிறோம், சட்டைப் பொத்தானைப் போடுகிறோம். ஸ்டுடியோக்காரர் 'கொஞ்சம் சிரிங்க சார்' என்கிறார். அந்தச் சிரிப்பில்தான் நம் சாதி, வர்க்கம், கல்யாணமான அந்தஸ்து எல்லாம் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உறங்குகிறவர் இதில் எதையும் செய்ய முடியாது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். ஸ்பாக்னாவின் கேமரா இந்த வித்தியாசத்தைத் தன் பங்குக்குச் சோதித்துப் பார்க்கிறது. முதல் அரை மணி நடிக்கலாம். எட்டு மணி நேரம் யாராலும் நடிக்க முடியாது.

அப்படியானால் இது உருவப்படமா, வேவு பார்ப்பதா? இந்தக் கேள்விக்கு அழகியலுக்குள்ளேயே நின்று பதில் தேட முடியாது என்பது என் கட்சி. உறங்குகிற உடலைப் படமெடுக்க முதலில் யார் ஆசைப்பட்டார்கள், யாருடைய பணத்தில் எடுத்தார்கள், எடுத்த படம் எங்கே போனது என்ற வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

2

அசைவைத் துண்டு துண்டாக்கிப் படமாக்கும் கலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிஃபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசையாக வைத்த பல கேமராக்களால் படமெடுத்தார். காசு கொடுத்தவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட், ரயில் கம்பெனி முதலாளி. அதே காலத்தில் பாரிசில் உடலியங்கியலாளர் எதியன்-ஜூல் மாரே வேறொரு வழி கண்டார். 1882இல் அவர் ஒரே தகட்டில் ஓர் அசைவின் பல கணங்களைப் பதிய வைத்தார். மைபிரிட்ஜிடம் கட்டங்கள், ஒவ்வொரு கணமும் தனித்தனி அறையில். மாரேயிடம் ஒரே தகடு, கணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இந்த இரண்டு வழியையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் படுக்கையறைக்குள்ளும் இவை இரண்டும் திரும்ப வரும்.

மைபிரிட்ஜ் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்து 1887இல் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். நடப்பது, ஓடுவது, படியேறுவது, தண்ணீர் ஊற்றுவது, கொல்லன் சம்மட்டி அடிப்பது எல்லாம் அதில் உண்டு. படுக்கையில் ஏறிப் படுப்பதும் படுக்கையிலிருந்து எழுவதும்கூட உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மட்டும் இல்லை. அன்றைய கண்ணுக்கு உறக்கம் ஓர் அசைவே அல்ல. இரண்டு அசைவுகளுக்கு நடுவே இருக்கிற வெற்றிடம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் படக்கலை நேராகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ஃபிராங்க் கில்பிரத், லிலியன் கில்பிரத் என்ற தம்பதியர் தொழிலாளியின் விரலில் சின்ன மின்விளக்கைக் கட்டி, கேமராவைத் திறந்து வைத்தபடியே வேலை செய்ய விட்டார்கள். கையின் பாதை ஒளிக்கோடாகப் பதிவாகும். கோடு வளைந்து நெளிந்தால் அசைவு வீண். அதை நேராக்கினால் முதலாளிக்கு லாபம். இதே தம்பதியர் 1916இல் களைப்பைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார்கள். அசைவை அளந்தவர்கள் ஓய்வையும் அளக்க வந்துவிட்டார்கள். ஓய்வு என்பது மறுநாள் உழைப்புக்கான முதலீடு என்று ஆனபிறகு, உறக்கம் மட்டும் எவ்வளவு நாளைக்கு வெற்றிடமாகவே இருக்க முடியும்?

3

ரொம்ப நாள் இல்லை. 1920களில் பிட்ஸ்பர்க் நகரத்து மெலன் ஆய்வு நிறுவனத்தில் ஹாரி ஜான்சன் என்ற உளவியலாளர் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆரோக்கியமான மனிதர்கள் எப்படிப் படுத்துத் தூங்குகிறார்கள், எத்தனை முறை புரள்கிறார்கள் என்பதே கேள்வி. கட்டிலில் அசைவைக் குறிக்கும் கருவி, அதோடு கேமரா. செலவு சிம்மன்ஸ் கம்பெனியுடையது. சிம்மன்ஸ் மெத்தை விற்கிற கம்பெனி.

ஜான்சனும் கூட்டாளிகளும் 1930இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் உண்மையான ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. நல்ல தூக்கம் என்றால் கட்டை மாதிரிக் கிடப்பது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். படங்கள் வேறு கதை சொல்லின. நன்றாகத் தூங்குகிறவர்கள் இரவில் பலமுறை புரள்கிறார்கள். ஒரே கிடையில் நெடுநேரம் கிடப்பதில்லை. ஒரு பக்கத் தசை இறுகுகிறது, ரத்தம் தேங்குகிறது, உடல் தானாகவே பக்கம் மாறுகிறது. விழித்திருக்கிற நமக்குத் தெரியாமலே உடலுக்கு என்று ஓர் அறிவு வேலை செய்கிறது. மனத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு உடலைக் கீழே போட்ட தத்துவங்களுக்கெல்லாம் இது ஒரு நல்ல அடி.

ஆனால் இந்த அறிவு எங்கே போய்ச் சேர்ந்தது? மெத்தை விளம்பரத்துக்கு. நீங்கள் இரவெல்லாம் புரள்கிறீர்கள், ஆகவே புரள வசதியான மெத்தை உங்களுக்கு வேண்டும். இதுதான் அந்த வாதம். உடல் இயல்பாகச் செய்துவந்த ஒன்று ஒரே வீச்சில் ஒரு தேவையாகவும், தேவை ஒரு சரக்காகவும் மாறிவிட்டது. தரையில் பாய் விரித்துப் புரண்டவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஜொனாதன் க்ராரி 2013இல் வெளியிட்ட '24/7' நூலில் உறக்கம்தான் முதலாளியத்தால் முழுசாக விழுங்க முடியாத கடைசி மிச்சம் என்று வாதிட்டார். நம் தோழர்கள் பலரையும் ஈர்க்கக்கூடிய வாதம். எனக்கும் அதில் பாதி உடன்பாடு. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் படங்கள் பதில் சொல்கின்றன. சந்தை உறக்கத்தை வாசலில் நின்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அது கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துவிட்டது. தூங்கவிடாமல் செய்வது மட்டுமல்ல, 'நல்லாத் தூங்கு' என்று சொல்வதும் அதனுடைய குரல்தான்.

4

இப்போது ஸ்பாக்னாவிடம் திரும்புவோம். அவருடைய கட்டங்களைப் பார்த்து உற்சாகமானவர்களில் ஒருவர் ஆலன் ஹாப்சன், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் உறக்கத்தை ஆராய்ந்தவர். இவருடைய இடத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன முன்கதை வேண்டும்.

1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, க்ளைட்மன் இருவரும் உறக்கத்தில் கண்கள் விரைவாக அசையும் கட்டங்கள் வருவதைக் கண்டார்கள். ரெம் உறக்கம் என்று பிற்பாடு பெயர் பெற்றது இதுதான். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்வார்கள். 1959 வாக்கில் லியோன் நகரத்தில் மிஷேல் ஜூவே பூனைகளை வைத்து இன்னொன்றைக் காட்டினார். அந்தக் கட்டத்தில் மூளை விழித்திருப்பதுபோலத் துடிக்கிறது. உடலின் தசைகளோ முற்றாகத் தளர்ந்துவிடுகின்றன. அதாவது கனவில் ஓடுகிறவன் கட்டிலில் ஓட முடியாதபடி உடல் பூட்டப்படுகிறது.

1978இல் 'சயன்ஸ்' இதழில் ஹாப்சன், ஸ்பாக்னா, ராபர்ட் மலென்கா மூவரும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். புகைப்படக் கலைஞர் ஒருவரின் பெயர் ஓர் அறிவியல் கட்டுரையில் ஆசிரியராக வருவது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். இடைவெளிவிட்டு எடுத்த படங்களை மூளை மின்னலைப் பதிவோடு ஒப்பிட்டபோது தெரிந்தது இது: பெரிய புரளல்கள் கண்டபடி வருவதில்லை. உறக்கம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் திரும்பும் எல்லைகளில் அவை கூடிக்கொள்கின்றன. அசையாமல் கிடக்கும் நீளத்தை வைத்தே ஆள் உறக்கச் சுழற்சியில் எங்கே இருக்கிறார் என்று ஓரளவு ஊகிக்கலாம். லட்சக்கணக்கில் செலவாகும் கருவி இல்லாமல், ஒரு கேமராவை வைத்து.

இந்த அறிவோடு மறுபடியும் அந்த 32 கட்டங்களைப் பார்த்தால் பார்வையே தலைகீழாகிறது. முதல் தடவை பார்க்கும்போது நம் கண் எதை நாடும்? கை தூக்கியிருக்கிற படம், போர்வை உதைத்திருக்கிற படம், ஏதோ நடக்கிற படம். எட்டு, ஒன்பது, பத்து என்று ஒரே மாதிரி இருக்கும் படங்களைக் கண் தாண்டிப் போய்விடும். ஆனால் அந்தச் சலிப்பூட்டும் வரிசையில்தான் ஆள் கனவு கண்டிருக்கக்கூடும். எங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று படம் சொல்கிறதோ அங்கேதான் அவ்வளவும் நடக்கிறது. புரளல் அதன் வாசலில் கேட்ட கதவுச் சத்தம். அவ்வளவுதான்.

சினிமா அசைவைக் காட்டுவதற்காகக் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மறைக்கிறது. வினாடிக்கு 24 என்று ஓட்டினால் இடைவெளி காணாமல் போகும். ஸ்பாக்னா அந்த இடைவெளியை 15 நிமிடமாக்கி நம் முகத்துக்கு முன்னால் வைத்தார். அவருடைய கலை படத்தில் இருக்கிறதா, படங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில் இருக்கிறதா என்று கேட்டால் நான் கோட்டின் பக்கம்தான் கையைக் காட்டுவேன். அந்தக் கோட்டுக்குள் உறங்குகிறவர் பத்திரமாக இருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1977இல் ஹார்வர்டின் கார்பெண்டர் மையத்தில் 'ட்ரீம்ஸ்டேஜ்' என்று ஒரு கண்காட்சி நடந்தது. லெ கொர்புசியர் வடித்த கட்டடம். ஹாப்சன், ஸ்பாக்னா, இசைக்காரர் பால் ஏர்ல்ஸ் ஆகியோரின் கூட்டு முயற்சி. கண்ணாடிக்குப் பின்னால் உண்மையாகவே ஒருவர் தூங்குவார். அவருடைய மூளையலை, கண்ணசைவு, தசைத் துடிப்பு எல்லாம் லேசர் ஒளியாகச் சுவரிலும் ஒலியாக அறையிலும் பாயும். பார்வையாளர்கள் இருட்டில் நின்று பார்ப்பார்கள். அறிவியலும் கலையும் கைகோத்த இந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் இருந்த பணம் ஹாஃப்மன்-லா ரோஷ் கம்பெனியுடையது. வேலியம் மாத்திரையை உலகமெங்கும் விற்ற கம்பெனி. தூக்க மாத்திரையும் விற்றுக்கொண்டிருந்தது.

ரயில், மெத்தை, மாத்திரை. ஒவ்வொரு முறையும் படத்துக்கு அடியில் ஒரு சரக்கு. இதை வைத்து ஸ்பாக்னாவின் வேலையை வெறும் கம்பெனி விளம்பரம் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. அப்படித் தள்ளுகிற விமர்சனம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அதனால் ஒரு பயனும் இல்லை. மாரேயின் படங்களும் ராணுவத்தானின் நடையை அளக்கப் பயன்பட்டன. அவற்றிலிருந்தே நவீன ஓவியமும் பிறந்தது. பணம் படத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. கொடுத்த வேலையோடு படம் நிற்பதில்லை.

அர்த்தம் பற்றிய சண்டையும் அதே வருஷம்தான். 1977இல் சாமுவேல் டங்கல் என்ற மனநல மருத்துவர் உறங்கும் கிடைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குப்புறப் படுப்பவர் இப்படி, சுருண்டு படுப்பவர் அப்படி என்று கிடையை வைத்து ஆளைப் படிக்கலாம் என்றார். ஹாப்சனும் மெக்கார்லியும் அதே வருஷம் கனவு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் தூண்டலுக்கு மூளை பிற்பாடு கட்டும் கதை என்று எழுதி ஃபிராய்டை மறுத்தார்கள். ஒருவருக்குப் புரளல் ஒரு வாக்கியம், மற்றவருக்குக் கடிகாரத்தின் டிக். ஒன்று ஜோசியத்தில் முடிகிறது, இன்னொன்று இயந்திரத்தில். இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டுமே படுக்கையில் ஒற்றை ஆளைத்தான் பார்க்கின்றன.

5

ஸ்பாக்னாவின் படங்களில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பவை தம்பதிகளின் இரவுகள். கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தால் இரண்டு உடல்கள் நெருங்குகின்றன, விலகுகின்றன, முதுகு காட்டுகின்றன, மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்புகிறார். 1994இல் இங்கிலாந்தில் பேங்க்ஹர்ஸ்ட், ஹோர்ன் என்ற ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் கருவியை வைத்துத் தம்பதிகளை அளந்தபோது, சேர்ந்து படுக்கிறவர்களின் அசைவுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருவருக்கும் பொதுவாக இருந்ததைக் கண்டார்கள். தனியாகப் படுத்தால் அசைவு குறைகிறது. ஆனாலும் பலர் சேர்ந்து படுப்பதையே நல்ல தூக்கம் என்றார்கள்.

கணக்குப்படி இது நஷ்டம். துணை இல்லாமல் தூங்கினால் அசைவு குறைவு, 'தரம்' அதிகம். மனிதர்கள் நஷ்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறக்கம் தனிமனிதனின் சொத்து என்ற எண்ணமே நவீனத்துவம் கட்டிய படுக்கையறையின் எண்ணம். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, கைக்குழந்தையின் காலை யார் வயிற்றின்மேலோ போட்டுக்கொண்டு தூங்கி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வியன்னாவில் வாழும் பால் ஷ்னெகன்பர்கர் இதையே மாரேயின் வழியில் செய்தார். 'அன்புக்குரியவர்களின் உறக்கம்' என்ற பொருள்படும் அவருடைய வரிசையில் ஒரு ஜோடி அவருடைய வீட்டுக் கட்டிலில் தூங்கும். மெழுகுவர்த்தி வெளிச்சம். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை லென்ஸ் திறந்தே இருக்கும். ஆறு மணி நேரம், ஒரே படம். விளைவு ஒரு மங்கல். அதிக நேரம் அசையாமல் கிடந்த உறுப்பு தெளிவாகவும், அசைந்தது புகையாகவும் பதிகிறது. எந்தக் கை யாருடையது என்று சொல்ல முடியாது. ஸ்பாக்னாவின் கட்டத்தை எண்ணலாம், அட்டவணை போடலாம், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஷ்னெகன்பர்கரின் படத்தை எண்ண முடியாது. அதிலிருந்து யாரும் மெத்தை விற்க முடியாது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் விளம்பரக்காரர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்லக்கூடாது.

பார்ப்பதற்கு இன்னும் இரண்டு வழிகளைக் குறிப்பிட வேண்டும். ஆண்டி வார்ஹால் 1963இல் தன் காதலரும் கவிஞருமான ஜான் ஜியோர்னோ தூங்குவதைச் சின்னச் சின்னச் சுருள்களாகப் படமெடுத்து, சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி, 5 மணி 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு படமாக்கினார். 1964 ஜனவரியில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. ஸ்பாக்னா இரவைச் சுருக்கினார், வார்ஹால் நிமிடங்களை இரவாக நீட்டினார். ஓர் ஆணின் உறங்கும் உடலை இன்னோர் ஆண் ஆசையோடு பார்ப்பது அன்றைய நியூயார்க்கில் சட்டத்தின் விளிம்பில் இருந்தது. அந்த நீளமான, ஒன்றும் நடக்காத படத்துக்குள் அந்தத் துணிவு ஒளிந்திருக்கிறது.

சோஃபி கால் 1979 ஏப்ரலில் பாரிசில் தன் கட்டிலை ஒரு வாரத்துக்கும் மேலாக மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். தெரிந்தவர், தெரியாதவர் என்று 28 பேர். ஆளுக்கு எட்டு மணி நேரம், ஒருவர் எழுந்ததும் அடுத்தவர், கட்டில் காலியாகக் கூடாது. கால் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கு ஒரு படம் எடுப்பார், பேசியதைக் குறித்துக்கொள்வார். வந்தவர்களில் ஒருத்தியின் கணவர் கலை விமர்சகர். அவர் மூலமாகத்தான் இந்த வேலை 1980இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய் காலைக் கலைஞராக்கியது. உறங்கும் பெண்ணை ஆண் பார்ப்பது மேலை ஓவியத்தில் நூற்றாண்டுக் கணக்கான வழக்கம். அவள் நிர்வாணமாகக் கிடப்பாள், அவன் வரைவான். இங்கே ஒரு பெண் விழித்திருந்து பார்க்கிறாள். அது மட்டுமல்ல, பார்க்கிறவளும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்பாக்னாவின் கேமராவுக்குத் தூக்கம் வராது. காலுக்கு வரும். மற்றவர் தூங்குவதற்காக ஒருத்தி தன் தூக்கத்தைச் செலவழிக்கிறாள்.

இந்தச் செலவுதான் முக்கியமான இடம். தொட்டிலுக்குப் பக்கத்திலும், காய்ச்சல்காரரின் பாய்க்குப் பக்கத்திலும் விழித்திருப்பவர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நம் மொழியில் காவல் என்ற சொல்லுக்கு இரண்டு முகம். காவல் காப்பதும் காவல்தான், காவல் நிலையமும் காவல்தான். உறங்குகிறவரைப் பார்க்கும் எல்லாப் படமும் இந்த இரண்டு முகத்துக்கு நடுவே எங்கோ நிற்கிறது.

6

இதுவரை பேசிய எல்லோருக்கும் ஒரு கட்டில் இருந்தது. ஓர் அறை இருந்தது, கதவைச் சாத்த முடிந்தது, கேமராவுக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடிந்தது. இது இல்லாதவர்களின் உறக்கம் எப்போது படமானது?

மெலன் ஆய்வுக்கும் முன்னால். 1880களின் கடைசியில் நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகைக்காரர், அப்போதுதான் வந்திருந்த மக்னீசியப் பொடி வெளிச்சத்தோடு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் நடுராத்திரியில் நுழைந்தார். ஓர் இடத்துக்கு 5 சென்ட் என்று வாடகை வாங்கி ஒரே அறையில் ஆட்களை அடுக்கியிருந்த இடம் அது. சுகாதாரப் போலீஸ் சோதனைக்குப் போனபோது ரீசும் கூடப் போனார். பொடி வெடித்தது. படத்தில் இருப்பவர்கள் பாதி விழித்து, கண் கூசி, திகைத்துக் கிடக்கிறார்கள். 1890இல் வந்த அவருடைய புத்தகம் குடியிருப்புச் சட்டங்கள் மாறுவதற்குத் துணை செய்தது உண்மை. அந்த வெளிச்சம் போலீசோடு சேர்ந்து வந்தது என்பதும் உண்மை. வசதியுள்ளவரின் உறக்கத்தை எடுத்த கேமரா அவர் எழுந்துவிடக் கூடாதே என்று பூனை நடை நடந்தது. ஏழையின் உறக்கத்தை எடுத்த கேமரா முதல் காரியமாக அவரை எழுப்பிவிட்டது.

இது பழைய கதை இல்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் க்ராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரின் வழக்கில், வீடற்றவர்கள் பொது இடத்தில் போர்வையோடு படுப்பதைக்கூட ஊராட்சிகள் தண்டிக்கலாம் என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2011 ஜூன் மாதம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின்மீது நள்ளிரவில் போலீஸ் பாய்ந்தது. அந்த வழக்கில் 2012இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவர், உறக்கம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று எழுதினார். தீர்ப்பு இருக்கிறது. பஸ் நிலையத்தில் லத்தியால் தட்டி எழுப்பப்படுகிறவருக்கு அதை யார் படித்துக் காட்டுவது?

7

இன்றைக்கு ஸ்பாக்னாவின் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கைபேசியை உயரத்தில் கட்டி இடைவெளிப் பதிவுக்குப் போட்டுவிட்டால் போதும். நம் வீடுகளில் நேர் மேலே ஃபேன் சுற்றுகிறது, கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கேமராகூட வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் புரளலை எண்ணி, காலையில் உங்கள் தூக்கத்துக்கு 100க்கு இத்தனை மார்க் என்று போட்டுவிடுகிறது. சிம்மன்ஸ் கம்பெனி ஆய்வுக்கூடத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு, காசு செலவழித்துச் செய்ததை, இப்போது நாமே காசு கொடுத்துக் கருவி வாங்கிச் செய்து, கணக்கையும் கம்பெனிக்கு அனுப்பி வைக்கிறோம். மார்க் குறைந்தால் கவலை. கவலையில் தூக்கம் போகிறது.

அந்த மதிப்பெண்ணில் வெள்ளைக் கோடு இல்லை. ஸ்பாக்னாவின் 32 கட்டங்கள் நிறைய விட்டுவிடுகின்றன, தாம் விட்டதைக் காட்டவும் செய்கின்றன. கடிகாரம் ஒன்றையும் விடுவதில்லை என்று சொல்லிக்கொள்கிறது. எனக்கு நேர்மையாகப் படுவது முதலாவதுதான். பார்க்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற படம் உறங்குகிறவருக்குக் கொஞ்சம் இருட்டை விட்டுவைக்கிறது.

ழாக் ரான்சியேர் 1981இல் எழுதிய நூல் 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளர்களைப் பற்றியது. பகலெல்லாம் தச்சும் தையலும் செய்தவர்கள் இரவில் தூங்காமல் கவிதை எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், விவாதித்தார்கள். நாளைய உழைப்புக்காக இன்று தூங்கு என்ற கட்டளையை அவர்கள் மறுத்தார்கள். சிறுபத்திரிகை நடத்துகிற நமக்கு இந்தக் கதை பிடிக்கும்; நம் வேலையும் பாதி ராத்திரியில்தான் நடக்கிறது. ஆனால் அதை மட்டும் கொண்டாடினால் விழித்திருப்பதே விடுதலை என்று ஆகிவிடும். தூங்காமல் வேலை செய்யச் சொல்கிற முதலாளியும் அதையே விரும்புவான். ரான்சியேரின் தச்சர்கள் கேட்டது விழிப்பை அல்ல. இரவு யாருடையது என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையை. அந்த உரிமைக்குள் எழுதுவதும் அடங்கும், கவலையில்லாமல் புரண்டு படுப்பதும் அடங்கும்.

ஆகவே உறங்குகிறவரின் படம் ஒன்று கண்ணில் படும்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். படுத்திருப்பவர் எழுந்தபிறகு இந்தப் படத்தை அவருக்குக் காட்டினார்களா? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடமிருந்ததா? அவர் தூங்கியபோது யார் விழித்திருந்தார்கள், எதற்காக? இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற படத்தைக் காவல் என்பேன். சொல்லாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், கணக்குத்தான்.